பெட்டியின் மேல் கீட்டன், உள்ளே ஆர்பக்கிள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தத் தொகுப்பை நான் வாங்கியது மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனுக்காக அல்ல. கினோ லார்பர் 2016-ல் வெளியிட்ட பஸ்டர் கீட்டன் குறும்படத் தொகுப்பு இது. ஐந்து ப்ளூரே தட்டுகள், 1917 முதல் 1923 வரை வந்த 32 மௌனப் படங்கள். அந்த 32-ல் 13 படங்களில் கீட்டன் இரண்டாம் ஆள்தான், சில இடங்களில் மூன்றாம் ஆள். அந்தப் பதிமூன்றுக்கும் கதாநாயகன், இயக்குநர், சுவரொட்டியில் பெரிய எழுத்தில் வந்த பெயர் எல்லாமே ராஸ்கோ ஆர்பக்கிள் என்ற குண்டு மனிதர். ஆனால் பெட்டியின் தலைப்பில் அவர் பெயர் இல்லை. வியாபாரக் கணக்கு எனக்கும் புரிகிறது, இன்றைக்குக் கீட்டன் பெயர் விற்கும், ஆர்பக்கிள் என்றால் யார் என்று கேட்பார்கள், கேட்காதவர்கள் அந்த வழக்கைப் பற்றி மட்டும் பேசுவார்கள். இருந்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

கீட்டன் பாதியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அது நல்ல பாதி, சொல்லவே வேண்டாம். நான் மற்ற பாதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆர்பக்கிள் 1887-ல் கான்சாஸில் பிறந்தவர். பிறந்தபோதே 13 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஆறு கிலோ. அப்பாவும் அம்மாவும் ஒல்லி, அதனால் இது என் பிள்ளைதானா என்று அப்பாவுக்கே சந்தேகம் வந்து, தனக்குப் பிடிக்காத ராஸ்கோ கான்க்ளிங் என்ற அரசியல்வாதியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டார் என்பது அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளில் தவறாமல் வரும் கதை. வளர்ந்தபின் எடை 250 முதல் 300 பவுண்டு வரை என்பார்கள், 113 கிலோவுக்குக் குறையாது. 1913-ல் மேக் சென்னட்டின் கீஸ்டோன் கம்பெனியில் சேர்ந்தார், 'ஃபேட்டி' என்ற பட்டப்பெயர் படத் தலைப்புகளிலேயே ஏறிவிட்டது. அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்காது. நண்பர்கள் ராஸ்கோ என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளம் கொடுத்த பெயர் என்பதால் திரையில் சகித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கப் படங்களில் பருமனான உடலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் வேலைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உட்கார்ந்தால் நாற்காலி உடைய வேண்டும், வாசலில் மாட்டிக்கொள்ள வேண்டும், எந்நேரமும் தின்றுகொண்டிருக்க வேண்டும், கதாநாயகனுக்கு நண்பனாக இருந்து காதலுக்கு யோசனை சொல்ல வேண்டும், விருதுப் படம் என்றால் மூச்சு வாங்கிக்கொண்டே அழ வேண்டும். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 1917-ஆம் வருடத்துப் படத்தைப் போட்டால், இதைவிட மோசமாகத்தானே இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி இல்லை. இந்த மனிதர் வாசலில் மாட்டிக்கொள்வதில்லை. தன் உடம்பை வைத்து மலிவான சிரிப்பு வாங்க மாட்டேன் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார் என்று படித்திருக்கிறேன், படங்களைப் பார்த்தால் அது உண்மைதான் என்று தெரிகிறது. பதிமூன்று படத்திலும் எடை நகைச்சுவை சுத்தமாக இல்லை என்று சொல்லவில்லை, ஆங்காங்கே உண்டு, ஆனால் படம் அதன்மேல் நிற்கவில்லை.

'தி குக்' படத்தை முதலில் போடுங்கள். 1918-ல் வந்தது, பல பத்தாண்டுகள் தொலைந்துபோனதாகவே நினைத்திருந்தார்கள், 1998-ல் நார்வேயில் ஒரு பிரதி கிடைத்தது. கதை என்று ஒன்றும் கிடையாது. ஒரு உணவகம், சமையல்காரர் ஆர்பக்கிள், பரிமாறுபவர் கீட்டன். அடுப்படியிலிருந்து சாப்பாடு தட்டில் வைத்துக் கொடுக்கப்படுவதில்லை, பறந்து வருகிறது. ஆர்பக்கிள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீசுகிறார், கீட்டன் ஒரு துளி சிந்தாமல் பிடிக்கிறார், மறுபடி வீசுகிறார், மறுபடி பிடிக்கிறார். ஒரே பாத்திரத்திலிருந்து காப்பியும் வரும், கேட்டால் வேறென்ன வேண்டுமானாலும் வரும். அப்புறம் திடீரென்று சமையலறைச் சாமான்களையே நகையாக மாட்டிக்கொண்டு சலோமி நடனம் ஆடுகிறார், அந்தக் காலத்துக் கவர்ச்சி நடிகை தீடா பாராவைக் கிண்டல் செய்து. பைபிள் கதையில் சலோமி ஆடிப் பரிசாகக் கேட்ட யோவானின் தலைக்குப் பதில் ஒரு முட்டைக்கோஸ். அந்த நடனத்தில் அவர் கை வளைவதையும் பாதம் தரையைத் தொடுவதையும் பாருங்கள். சிரிப்பு வருவது குண்டு மனிதர் ஆடுவதால் அல்ல. இவ்வளவு நன்றாக ஆடத் தெரிந்தவர் இவ்வளவு முட்டாள்தனமான ஒன்றை இவ்வளவு சிரத்தையாக ஆடுகிறாரே என்பதால். நடிகை லூயிஸ் புரூக்ஸ் பின்னாளில் இவருடைய நடனத்தை மெச்சிப் பேசியிருக்கிறார், அவர் தொழில்முறை நடனக்காரி, சும்மா சொல்லக்கூடியவர் அல்ல.

இதே படத்தில் சாப்பிடும் காட்சி ஒன்று உண்டு, நூடுல்ஸ் மாதிரி நீளமான ஸ்பகெட்டியை எப்படிச் சாப்பிடுவது என்று ஆளாளுக்குத் திணறுகிறார்கள். இங்கே குண்டு மனிதர் நிறையத் தின்கிறார் என்பது நகைச்சுவையே அல்ல, ஸ்பகெட்டிதான் நகைச்சுவை. எல்லோரும் சமமாகத் திணறுகிறார்கள். இது சின்ன வித்தியாசமாகத் தோன்றலாம், ஆனால் அதற்குப் பின் வந்த நூறு வருடப் படங்களை நினைத்துப் பாருங்கள், குண்டானவர் கையில் உணவு இருக்கும் காட்சியை வேறு எதற்காக வைத்திருக்கிறார்கள்?

'தி புட்சர் பாய்', 1917. கீட்டன் முதன்முதலாகத் திரையில் வந்த படம் என்பதற்காக எல்லோரும் இதைக் குறிப்பிடுவார்கள், அவர் வெல்லப்பாகு வாங்க வந்து தொப்பியோடு ஒட்டிக்கொண்டு திண்டாடும் காட்சி நிஜமாகவே அருமை. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அதற்கு முன்னால் வருகிற இடம். ஆர்பக்கிள் இறைச்சிக் கடையில் வேலை செய்கிறார். வெட்டுக்கத்தியைச் சுழற்றி எறிகிறார், அது போய்க் கட்டையில் குத்தி நிற்கிறது, அவர் பார்வை எங்கோ இருக்கிறது. அதில் அலட்டல் இல்லை. பல வருடம் நாடக மேடையில் பாடி ஆடி வித்தை காட்டிப் பழகிய கை அது. இரண்டாம் பாதியில் காதலியைப் பார்ப்பதற்காகப் பெண் வேடம் போட்டு ஒரு பெண்கள் விடுதிக்குள் நுழைகிறார், அங்கே கொஞ்சம் இழுவை.

பெண் வேடம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பதிமூன்று படங்களில் பலவற்றில் இந்த வேடம் வருகிறது. 'கோனி ஐலண்ட்' படத்தில் குளியல் உடை வாடகைக்கு எடுக்கப் போனால் அவர் அளவுக்கு ஒன்றும் இல்லை, உடனே ஒரு பருமனான பெண்மணியின் உடையை லவட்டிக்கொண்டு வந்து மாட்டிக்கொள்கிறார். சரி, இது எடை நகைச்சுவைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன்பின் நடப்பதைப் பாருங்கள், அந்த உடையில் அவர் அழகாக இருக்கிறார், ஆண்கள் வந்து வழிகிறார்கள், அவரும் அதை அனுபவிக்கிறார். 'குட் நைட், நர்ஸ்!' படத்தில் மருத்துவமனையிலிருந்து தப்பிக்க நர்ஸ் வேடம் போட்டுக்கொண்டு நடைபாதையில் கீட்டனிடம் மாட்டிக்கொள்கிறார், இருவரும் வெட்கப்பட்டுக் குழைந்து விரலால் குத்தி விளையாடுகிற அந்த ஒரு நிமிடம் இந்த ஐந்து தட்டுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த நிமிடம். கீட்டன் சிரிக்கவே மாட்டார் என்பவர்களுக்கு: இங்கே சிரிக்கிறார். ஒரு பருமனான உடலை யாரோ ஆசையோடு பார்க்கிறார்கள், படம் அதைக் கேவலமாகக் காட்டவில்லை. இப்போதைய படங்களில் இந்தக் காட்சியை வைத்தால் கடைசியில் பார்த்தவன் வாந்தி எடுப்பதாக முடித்திருப்பார்கள்.

அதே 'கோனி ஐலண்ட்' படத்தில் இன்னொரு இடம். உடை மாற்றும் அறையில் கால்சட்டையைக் கழற்றப் போகிறவர் கேமரா தன்னையே பார்ப்பதைக் கவனிக்கிறார். கொஞ்சம் மேலே தூக்கு என்று கையால் ஜாடை காட்டுகிறார். கேமரா பணிவாக மேலே போகிறது. மார்புக்கு மேல் மட்டும் தெரிய அவர் நிதானமாக உடை மாற்றி முடித்துவிட்டுக் கீழே இறங்கலாம் என்று அனுமதி கொடுக்கிறார். என் உடம்பை எவ்வளவு காட்டலாம் என்று நான்தான் சொல்வேன் என்று ஒரு குண்டு நடிகர் 1917-லேயே கேமராவிடம் சொல்லியிருக்கிறார், அதுவும் அவரே இயக்குநர் என்பதால் கேமரா கேட்டுக்கொண்டது. என்னைக் கேட்டால் இந்தக் காட்சி ஒன்றுக்கே பெட்டியின் விலையைக் கொடுக்கலாம்.

'தி ரஃப் ஹவுஸ்' படத்தில் படுக்கை தீப்பிடித்து எரிகிறது, அவர் ஒரு சின்னக் கோப்பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவசரமே இல்லாமல் போய் வருகிறார், நடுவில் தாகம் எடுத்தால் குடித்தும் விடுகிறார். இதே படத்தில் இரண்டு ரொட்டித் துண்டுகளில் முள்கரண்டிகளைக் குத்தி மேசைமேல் நடக்க வைக்கிறார். ஆமாம், சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' படத்தில் எல்லோரும் பார்த்து மயங்கிய அந்த ரொட்டி நடனம்தான், அதற்கு எட்டு வருடம் முன்னால். சாப்ளின் அதை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனார், அதில் சந்தேகமில்லை. 'பேக் ஸ்டேஜ்' படத்தில் மேடைச் சுவர் ஒன்று சாய்ந்து ஆர்பக்கிள் மேல் விழ, அவர் நின்ற இடத்தில் சரியாக ஜன்னல் ஓட்டை வந்து தப்பிக்கிறார். 1928-ல் கீட்டன் ஒரு முழு வீட்டு முகப்பையே தன்மேல் விழ வைத்த அந்தப் புகழ்பெற்ற காட்சிக்கு விதை இங்கேதான் இருக்கிறது. 'தி பெல் பாய்', 'தி கராஜ்' இரண்டும் முழுக்க ரசிக்கலாம். 'தி ஹேசீட்' சுமார். 'மூன்ஷைன்' முழுதாகக் கிடைக்கவில்லை, இருப்பதே சினிமாவைச் சினிமாவாகக் கிண்டலடிக்கும் படம் என்பதால் ஓட்டைகள் அவ்வளவு உறுத்தவில்லை.

எல்லாம் தேன் அல்ல. 'அவுட் வெஸ்ட்' படத்தில் ஒரு கறுப்பினத்தவரின் காலடியில் சுட்டு அவரை ஆட வைத்துச் சிரிக்கும் காட்சி இருக்கிறது, பார்க்கவே சங்கடம், தள்ளிவிட்டுப் பாருங்கள் அல்லது படத்தையே விட்டுவிடுங்கள். 'ஹிஸ் வெட்டிங் நைட்' படத்தில் மருந்துக்கடைக்காரராக வரும் ஆர்பக்கிள் ஒரு பெண்ணுக்கு மயக்க மருந்தை முகர வைத்து முத்தம் திருடுகிறார். 1917-ல் கொட்டகையில் இதற்குச் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, நான்கு வருடம் கழித்து நடந்ததைத் தெரிந்துகொண்டு பார்க்கிற யாருக்கும் வராது.

அதைப் பற்றிப் பேசாமல் இந்த மனிதரைப் பற்றிப் பேச முடியாது. 1921 செப்டம்பர், சான் பிரான்சிஸ்கோவில் செயின்ட் பிரான்சிஸ் ஓட்டலில் ஆர்பக்கிள் எடுத்திருந்த அறைகளில் விருந்து. அங்கே வந்த வர்ஜினியா ராப்பே என்ற நடிகைக்கு உடம்பு முடியாமல் போய், நான்கு நாள் கழித்து செப்டம்பர் 9-ஆம் தேதி இறந்தார். சிறுநீர்ப்பை கிழிந்து அதனால் வயிற்றுக்குள் ஏற்பட்ட அழற்சி காரணம். ஆர்பக்கிள் அவரைப் பலாத்காரம் செய்தார் என்று குற்றச்சாட்டு. ஹெர்ஸ்ட் என்ற பத்திரிகை முதலாளியின் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அந்தக் கதை ஊர் முழுக்கப் பரவியதற்கு ஒரு காரணம், அதைக் கற்பனை செய்வது சுலபமாக இருந்தது என்பதுதான். அவ்வளவு கனமான ஆள் மேலே விழுந்தால் உள்ளே கிழியத்தானே செய்யும் என்று பேசினார்கள். அதுவரை குழந்தைகளுக்குப் பிடித்த பெரிய உடம்பு ஒரே வாரத்தில் கொலை ஆயுதமாகிவிட்டது. திரையில் எந்த நகைச்சுவைக்கு அவர் மறுத்தாரோ, அந்த எடையை வைத்துத்தான் அவர்மேல் கதை கட்டினார்கள்.

மூன்று முறை விசாரணை நடந்தது. முதல் இரண்டிலும் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மூன்றாவதில், 1922 ஏப்ரல் 12-ஆம் தேதி, சில நிமிடங்களிலேயே விடுதலை என்று சொன்னதோடு, இவருக்குப் பெரிய அநீதி நடந்திருக்கிறது என்று ஜூரிகள் எழுத்து மூலம் அறிக்கையும் கொடுத்தார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, படத்துறையின் ஒழுக்கத்தைக் காக்க நியமிக்கப்பட்டிருந்த வில் ஹேஸ் அவருடைய படங்களைத் திரையிடக் கூடாது என்று தடை போட்டார். அந்த வருடக் கடைசியில் தடையை நீக்கினார்கள், ஆனால் கொட்டகைக்காரர்கள் தொடத் தயாராக இல்லை. ராப்பேயின் பெயரையும் இதில் நாறடித்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறந்துபோன பெண்ணின் நடத்தையைத் தோண்டி எடுத்து வழக்கை நடத்தினார்கள். ஆர்பக்கிளுக்கு நியாயம் கேட்பவர்கள் பலர் இன்றைக்கும் அந்தப் பெண்ணை ஏசித்தான் கேட்கிறார்கள், அது தேவையே இல்லை.

அதன்பிறகு அவர் அப்பாவின் பெயரிலிருந்து எடுத்த 'வில்லியம் குட்ரிச்' என்ற பெயரில் ஒளிந்துகொண்டு படம் இயக்கினார். அதில் ஒன்று 1927-ல் வந்த 'தி ரெட் மில்', கதாநாயகி மேரியன் டேவிஸ், அதாவது ஹெர்ஸ்டின் காதலி. தன் பத்திரிகையில் கிழித்துத் தோரணம் கட்டிய ஆளையே தன் காதலியின் படத்துக்கு இயக்குநராக வைத்துக்கொண்டிருக்கிறார். ஹாலிவுட் அப்படித்தான். 1932-ல் வார்னர் பிரதர்ஸ் ஒரு வழியாக அவரை மறுபடி நடிக்க விட்டது, ஆறு பேசும் குறும்படங்கள் வந்தன, 1933 ஜூன் 29-ஆம் தேதி தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 46. வழக்கு நடந்த காலத்திலும் அதற்குப் பின்னும் அவரை விட்டுப் போகாதவர்களில் கீட்டன் ஒருவர், அந்த வகையில் இந்தப் பெட்டியில் கீட்டன் பெயர் இருப்பதை மன்னித்துவிடலாம்.

ஆர்பக்கிள் போனபின் அந்த இடத்தில் என்ன வந்தது என்று பார்த்தால் வயிறு எரியும். 1920-களின் நடுவில் 'எ டன் ஆஃப் ஃபன்' என்ற பெயரில் மூன்று பெரிய குண்டு நடிகர்களைச் சேர்த்து ஒரு குறும்படத் தொடர் ஓடியது. பெயரே சொல்கிறது, மூன்று பேரும் சேர்ந்தால் எத்தனை எடை என்பதுதான் விற்பனைச் சரக்கு. கார் அமுங்கும், தரை இடியும். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஆலிவர் ஹார்டி இருந்தார், கழுத்துப் பட்டையை விரலால் ஆட்டும் அந்த நாசூக்கு ஒன்று போதும். மேரி டிரெஸ்லர் இருந்தார். அறுபது வயதைத் தாண்டிய, பருமனான, அழகி என்று யாரும் சொல்லாத அந்தப் பெண்மணி 1932-லும் 1933-லும் அமெரிக்கக் கொட்டகைக்காரர்களின் வாக்கெடுப்பில் வசூலில் முதலிடம் பிடித்த நட்சத்திரம். இன்றைக்கு எந்த ஸ்டுடியோவிடமாவது போய் இப்படி ஒரு நடிகையைக் கதாநாயகியாகப் போடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

நான் இந்தத் தட்டுகளைப் பார்த்த அதே நாட்களில் 'தி வேல்' படத்தையும் மறுபடி பார்த்தேன். 2022, டேரன் அரோனாஃப்ஸ்கி, பிரெண்டன் ஃப்ரேசருக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர். ஃப்ரேசர் நன்றாகத்தான் நடிக்கிறார், அந்தக் கண்கள் ஏமாற்றுவதில்லை. ஆனால் கேமரா அந்த 600 பவுண்டு மனிதரைப் பார்க்கும் விதம் எனக்கு ஒத்துவரவில்லை. அவர் சாப்பிடும்போது இசை ஏதோ பேய்ப்படம் போல எழும்புகிறது. எழுந்து நிற்பதே ஒரு உச்சகட்டக் காட்சி. இதில் உள்ள உடம்பு முக்கால்வாசி செயற்கை, ஒப்பனைக் குழு செய்து மாட்டியது, அதற்கும் தனியாக ஆஸ்கர் கிடைத்தது. யோசித்துப் பார்த்தால் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 1996-ல் எடி மர்ஃபியைக் குண்டாக்கிய 'தி நட்டி ப்ரொஃபசர்' படத்துக்கு ஒப்பனை ஆஸ்கர். 2017-ல் கேரி ஓல்ட்மேனைச் சர்ச்சிலாக்கிய படத்துக்கு ஒப்பனை ஆஸ்கர், நடிப்புக்கும் ஆஸ்கர். அடுத்த வருடம் கிறிஸ்டியன் பேலை அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனியாக்கிய 'வைஸ்', அதற்கும் ஒப்பனை ஆஸ்கர். ராபர்ட் டி நீரோ 'ரேஜிங் புல்' படத்துக்காக அறுபது பவுண்டு ஏற்றிக்கொண்டதை இன்றுவரை நடிப்புத் தவம் மாதிரிச் சொல்கிறார்கள். கழற்றி வைக்கக்கூடிய கொழுப்புக்கு மரியாதை இருக்கிறது. கழற்ற முடியாதவர்களுக்கு நண்பன் வேடம். க்வினெத் பால்ட்ரோவுக்குக் குண்டு உடையை மாட்டி எடுத்த 2001-ஆம் வருடத்துப் படத்தை நான் இங்கே விரிவாகப் பேசப் போவதில்லை, அந்தப் படம் ஒரு குண்டுப் பெண்ணையும் உள்ளே அழகானவள் என்று சொல்லி நமக்குப் பாடம் நடத்துகிறது, பாடம் நடத்தும் நேரத்தில் நாற்காலியையும் உடைக்கிறது.

நிஜமாகவே அந்த உடம்போடு வந்தவர்களில் ஜான் கேண்டி 43 வயதில் போனார், கிறிஸ் ஃபார்லி 33 வயதில் போனார். ஃபார்லி மேசைமேல் விழுந்து மேசை உடைந்தால்தான் சிரிப்பு என்று ஆக்கிவைத்திருந்தார்கள், அவரும் விழுந்துகொண்டே இருந்தார். அவருக்கும் ஆர்பக்கிள் மாதிரியே அசாத்தியமான உடல் லாவகம் இருந்தது என்பது இந்தத் தட்டுகளைப் பார்த்தபின்தான் எனக்கு உறைத்தது. ஆனால் ஆர்பக்கிள் கையில் இயக்குநர் நாற்காலி இருந்தது. என்ன எடுக்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். தயாரிப்பாளர் ஜோசப் ஷென்க் அவருக்காகவே ஆரம்பித்த கம்பெனியில் யாரும் வந்து, அண்ணே நீங்கள் அந்த வாசலில் ஒருமுறை மாட்டிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. குண்டு நடிகருக்கு நல்ல வேடம் கிடைப்பது, கிடைக்காதது எல்லாம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன், பார்வையாளர்களின் ரசனை மாறியதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்தான். சமீபத்தில் மகிழ்ச்சி தந்தது டாவைன் ஜாய் ராண்டால்ஃப் 2024-ல் வாங்கிய துணை நடிகை ஆஸ்கர். 'தி ஹோல்டோவர்ஸ்' படத்தில் அவர் போரில் மகனை இழந்த அம்மா, பள்ளிச் சமையலறையின் தலைவி. துக்கம்தான் அந்தப் பாத்திரம், உடம்பின் அளவு அல்ல.

சரி, தட்டுகளின் தரம். நூறு வருடம் பழைய படச்சுருள்கள், பல ஊர்களில் கிடைத்த துண்டுகளை ஒட்டிச் செய்தது, அதனால் ஒரே படத்துக்குள்ளேயே ஒரு காட்சி கண்ணாடி மாதிரியும் அடுத்தது மழை பெய்வது மாதிரியும் இருக்கும். புதுப்பித்தது பாரிஸின் லாப்ஸ்டர் ஃபிலிம்ஸ், இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள். இந்தப் படங்கள் அமெரிக்காவில் காப்புரிமை தாண்டியவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், அப்புறம் எதற்குக் காசு என்று கேட்கலாம். இலவசப் பிரதிகளில் ஆர்பக்கிளின் முகம் வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும். அவருடைய நடிப்பில் பாதி கண்ணிலும் உதட்டோரத்திலும் இருக்கிறது, அது தெரியாவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு பெரிய உருவம் ஓடுவது மட்டும்தான், அதாவது அவர் எதை விற்க மறுத்தாரோ அது மட்டும். வேகமும் முக்கியம், பழைய பிரதிகளில் எல்லோரும் பேய் பிடித்தது போல ஓடுவார்கள், இங்கே பெரும்பாலும் மனித வேகத்தில் இருக்கிறது. இடையில் வரும் எழுத்து அட்டைகள் ஆங்கிலம், அவ்வளவு படிக்க ஒன்றும் இல்லை, வீட்டில் குழந்தைகள் மொழி தெரியாமலே பார்ப்பார்கள்.

குறைகள். ஆர்பக்கிளைப் பற்றித் தனியாக ஒரு நல்ல ஆவணப்படம் வைத்திருக்கலாம். மண்டலக் குறியீடு இன்னொரு தலைவலி, அமெரிக்கத் தட்டுகள் 'ஏ' மண்டலம், இந்தியா 'சி' மண்டலம், எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் இல்லாதவர்கள் ஆர்டர் செய்யும்முன் யோசியுங்கள். யுரேகா வெளியிட்ட பிரிட்டிஷ் தொகுப்பும் இருக்கிறது, நான்கு தட்டுகள், அதுவும் 32 படங்கள், அங்கே 'பி' மண்டலப் பிரச்சினை. நான் வாங்கிய இணையக் கடைக்காரர் பெட்டியை ஒரு காகித உறையில் போட்டு அனுப்பி மூலை நசுங்கி வந்து சேர்ந்தது, நல்லவேளை தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்கும்போது அட்டைப்பெட்டியில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் பார்ப்பது என்றால், வரிசையாகப் பார்க்காதீர்கள், முதல் தட்டிலேயே அலுத்துவிடும். ஒவ்வொன்றும் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான், ஒரு நாளைக்கு ஒன்று போதும். 'தி குக்', 'கோனி ஐலண்ட்', 'குட் நைட், நர்ஸ்!', 'தி கராஜ்', 'பேக் ஸ்டேஜ்', இந்த ஐந்தும் பிடித்தால் மிச்சத்துக்குப் போகலாம். பிடிக்கவில்லை என்றால் கவலை வேண்டாம், கீட்டனின் 19 படங்கள் இருக்கின்றன, காசு வீண் இல்லை.

கீஸ்டோன் காலத்துப் படங்கள் இதில் கிடையாது. மேபல் நார்மண்டோடு அவர் நடித்தவை, குறிப்பாகத் தூங்கும் மனைவிக்கு அவருடைய நிழல் மட்டும் குனிந்து முத்தம் கொடுக்கும் அந்த 1916-ஆம் வருடத்துப் படம், இவற்றுக்கெல்லாம் 2005-ல் வந்த நான்கு தட்டு டிவிடி தொகுப்பு ஒன்றைத்தான் தேட வேண்டும். அதன் பெட்டியில் ஆர்பக்கிள் பெயரே இருக்கிறது, ஆனால் கடைகளில் எங்கும் கண்ணில் படவில்லை, பழைய பிரதி விற்பவர்கள் சொல்லும் விலை என் கைக்கு எட்டவில்லை. யாராவது நியாயமான விலைக்குக் கொடுப்பதாக இருந்தால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.